தண்ணீரில் நின்ற கால் என்று நினைத்தோம்

அப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை பார்த்தார். சீசன் வந்துவிட்டால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஈரத்தில்தான் நிற்பார். ஊரார் முதுகையெல்லாம் அமுக்கி அமுக்கி அவர் தோள்பட்டை போய்விட்டது. வலி தாங்காதபோது என்னை மெடிக்கலுக்கு அனுப்புவார். மாத்திரையின் பெயர் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பாவுக்கு உள்ள ரோஸ் மாத்திரை என்று கேட்பேன். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துத் தாளில் மடித்துத் தருவார்.

காலையில் வெறும் வயிற்றில் டீயோடு ஒன்று, மதியம் ஒன்று. சாரலில் நிற்கிறவருக்குத் தாகம் எடுக்காது. தண்ணீரே குடிக்க மாட்டார். இரண்டு சீசன் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

வயிறு எரிகிறது என்றார், சோடா குடித்தார். வெளிக்குக் கருப்பாகப் போகிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சூடு என்று நினைத்து நாங்கள் நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னோம். பிறகு கால் வீங்கியது. கேட்டதற்குச் சிரித்தார்.

"ஏட்டி, நாள் முழுக்க தண்ணில நிக்கவன் காலு ஊதாம என்ன செய்யும்? எங்காளுவ எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பங்குனியில் அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பா வீட்டில் இருந்தார். கால் வற்றவில்லை. ஒருநாள் காலையில் முகமும் வீங்கியிருந்தது. அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

தென்காசியில் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். ரோஸ் மாத்திரை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலி மாத்திரையைத் தினமும் தின்றால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும், கருப்பாகப் போனது அதுதான். கிட்னியையும் கெடுக்கும் என்றார். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தது. டயாலிசிஸில் நாலு மாதம்தான் தாங்கினார்.

போன வாரம் அம்மாவின் முந்தானை முடிச்சில் அதே ரோஸ் மாத்திரையைப் பார்த்தேன். அம்மா லாட்ஜில் மாடி மாடியாக ஏறிக் கூட்டுகிறவள். மூட்டுவலி. எத்தனை நாளாக என்று கேட்டேன். அப்பா மிச்சம் வைத்ததில் ஆரம்பித்தாளாம். என்னென்னவோ கத்திவிட்டேன்.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "வேண்டாம்னு நீ சொல்லிருத. படியேற எனக்கு வேற காலா இருக்கு?"

மறுநாள் தென்காசிக்குக் கூட்டிப்போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் வாங்கினதும் எழுத்துக்கூட்டி அந்த ஒரு வார்த்தையைத் தேடினேன். கிரியேட்டினின். கிட்னி கெட்டால் ஏறுகிற அளவு, அப்பாவால் பழகிய வார்த்தை. அம்மாவுக்கு ஒன்று புள்ளி ஆறு. இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். இப்போதே நிறுத்தினால் குறையலாம், ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். மூட்டுக்குத் தடவ ஒரு மருந்தும், பாரசிட்டமால் அளவாகவும் எழுதித் தந்தார். குறையும் என்று சொல்லவில்லை. குறையலாம் என்றுதான் சொன்னார்.

நானும் இப்போது அந்த லாட்ஜிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மேல்மாடிகளை நானே கூட்டுகிறேன். கீழே அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு படிக் கைப்பிடியைப் பிடித்து நிற்பதைப் பார்க்கிறேன். வலிக்கிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன கொடுப்பேன்?