ஏனுங்க, கேக்குதுங்களா

மோட்டார் போடக் கற்றுக்கொள் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டபோதுதான் முதன்முதலாக எனக்குச் சந்தேகம் தட்டியது.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மோட்டார் ரூமுக்குள் அவர் என்னை விட்டதே கிடையாது. கரண்ட்டு சமாச்சாரம், பக்கத்தில் வராதே என்பார். அப்படிப்பட்ட மனுஷர் அன்றைக்கு என் கையைப் பிடித்து ஸ்டார்ட்டர் மேல் வைத்தார்.

"பச்சைய அமுக்குனா ஓடும் அம்மிணி, செவப்ப அமுக்குனா நின்னுக்கும். தெரிஞ்சு வெச்சுக்க."

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்? நீங்க எங்க போகப்போறீங்க?"

"எங்கயும் போகுல. சும்மா சொல்லி வெச்சேன்."

சும்மா எதையும் சொல்லி வைக்கிற ஆளா அவர்! நான் பச்சையை அமுக்கவே இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அதற்கு முன்பே தோப்பில் வேர் வாடல் நோய் வந்துவிட்டிருந்தது. மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின, குரும்பைகள் கொட்டின. பார்க்க வந்த அதிகாரி, நோய் கண்ட மரத்தையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்றார். நோய் காணாத மரம் எங்கே இருந்தது? எல்லாம் அவருடைய அப்பா கையால் வைத்த பிள்ளைகள். மெஷின் ரம்பத்தால் அறுத்தார்கள். ஒவ்வொரு மரம் விழும்போதும் தரை அதிர்ந்து, அடுப்படியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அவர் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. காப்பியில் சர்க்கரை குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவர், ஒருநாள் நான் கை தவறி உப்பைப் போட்டுக் கொடுத்ததை மடக்மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கழுவி வைத்தார், பார்த்துக்கொள்ளுங்கள்! அந்த டம்ளரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பக்கம் காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான், பூச்சிக்கு அடிப்பதும் மருந்துதான். ஆனால் "மருந்து குடிச்சுப்போட்டான்" என்று சொன்னால் எந்த மருந்து என்று எவரும் கேட்கமாட்டார்கள். கடைசி மரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு ஒருநாள், "மருந்து வாங்கீட்டு வாரேன்" என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார். சரிங்க என்றேன். வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த மரத்துக்கு மருந்து?

மோட்டார் ரூம் பலகையில் புது டப்பா இருந்தது. அவர் வெளியே போன நேரம் பார்த்து எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அடுத்த வாரமே அதே பலகையில் அதேபோல் இன்னொன்று. முதல் டப்பா எங்கே என்று அவர் கேட்கவில்லை. இது எதற்கு என்று நானும் கேட்கவில்லை. ஊர்வாயெல்லாம் அடக்குகிற எனக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் துணிச்சல் வரவில்லை. வாயைத் திறந்து கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடுமே.

நான் போத்தனூர்க்காரி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தொட்டிலிலிருந்து சர்ச்சில் வளர்ந்தவள். இவருக்கு வேறு சாதி, வேறு சாமி. இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை என்னைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் பேப்பர் படித்தபடி இருப்பார். "உங்க சாமிய நாங் கேட்டதாச் சொல்லு" என்று ஒரு கிண்டல் வேறு. வந்த புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று நான் திண்டாடியிருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அரைமனதாக எங்களைச் சேர்த்துக்கொண்ட மாமியாரின் முகம் கறுத்துவிடும். கடைசியில் இந்தப் பக்கத்துப் பெண்களைப் போல "ஏனுங்க" என்றேன். யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம்தான். ஆனால் என் வாயில் அது அவருடைய பெயராகவே ஆகிப்போனது. தோப்பின் அந்தக் கோடியில் நின்றாலும் என் "ஏனுங்க"வுக்கு "என்னம்மிணி" என்று பதில் வந்துவிடும்.

இத்தனைக்கும் நான் ஜெபிக்காமல் இருந்தேனா? வேளை தவறாமல் ஜெபித்தேன், அதுதான் கூத்து. "சர்வ வல்லமையும் மகா கிருபையும் நிறைந்த எங்கள் பரம பிதாவே" என்று நான் தொடங்கினால் சபையே கண்ணை மூடிச் சொக்கிப்போகும். அதற்கு நானே வைத்த பெயர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ். பலகை மேலிருந்த டப்பாவைச் சொல்ல அந்தத் தமிழில் வார்த்தை இல்லை. "அடியாளின் கணவருக்குச் சமாதானத்தைக் கட்டளையிடும்" என்பேன். எங்கள் ஊரில் காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடப்பவரிடம் போய் நலம் கேட்டாலும் "நல்லாருக்கறனுங்க" என்றுதான் சொல்வார். நானும் கடவுளிடம் அதையே சொல்லிவிட்டு ஆமென் போட்டு எழுந்துவருவேன்.

ஒரு நாள் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கு பஸ்ஸில் போனேன். கொண்டுபோய் விட அவர் வரவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு வசதி உண்டு: பிரச்சினை என்னவென்று சொல்ல விருப்பமில்லை என்றால் "சொல்லப்படாத விண்ணப்பம்" என்று கையைத் தூக்கினால் போதும், எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபித்துவிடுவார்கள். அன்றைக்கும் தூக்கினேன். கூட்டம் முடிந்ததும் போதகரின் மனைவி, என்னைவிட எவ்வளவோ சின்னப் பெண், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்ககிட்டச் சொல்ல வேண்டாங்கக்கா. ஆண்டவருகிட்டயாவது சொல்லிப்போட்டீங்களா?"

"அவருக்குத் தெரியாததுங்களா?" என்றேன் வெடுக்கென்று.

"தெரியுமுங்க. நீங்க சொல்லிப்போட்டீங்களான்னுதான் கேக்கறேன்."

வந்ததே எனக்குக் கோபம்! நேற்று முளைத்தவள் எனக்கு ஜெபம் சொல்லித் தருகிறாளா? ஊர் வந்து இறங்கும்வரை மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தோப்புக்குள் நுழையும்போது மதியம் தாண்டியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தடுக்க மரமில்லாததால் புழுதி நேராக வீட்டு வாசலுக்கு வந்தது. வீடு திறந்து கிடந்தது. சோறு போட்டது போட்டபடி இருந்தது. மோட்டார் ஓடவில்லை, ஆனால் மோட்டார் ரூம் கதவு சாத்தியிருந்தது. எப்போதும் மூலைக்கொன்றாக உதறிவிட்டுப் போகிற செருப்பு, கதவுக்கு வெளியே ஜோடியாக இருந்தது.

ஓடிப்போய்க் கதவை இடித்திருக்க வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் எதைப் பார்க்கவேண்டி வருமோ என்ற பயத்தில் வாசல் புழுதியிலேயே முட்டி போட்டு விழுந்தேன். பழக்கதோஷத்தில், "சர்வ வல்லமையும்..." என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா நல்ல வார்த்தைகளும் அந்த இடத்தில் தீர்ந்துபோயின. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏனுங்க! ஏனுங்க, கேக்குதுங்களா? எனக்குப் பயமா இருக்குதுங்க! மருந்து வாங்கி வெச்சிருக்கறாருங்க! செத்துப்போயிருவாருங்க! பாத்துட்டுச் சும்மா இருக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா உங்களுக்கு? அந்த மோட்டாரு போட எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சுக்கவும் மாட்டேன்! ஏனுங்க!"

காற்று மட்டும் அடித்தது. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

"என்னம்மிணி?"

கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. முகம் வெளுத்து, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் போல என்னைப் பார்த்தார்.

"கூப்ட்டயா?"

உங்களையில்லீங்க என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

"கூப்டனுங்க. வாங்க இக்கட்ட."

வந்தார். என் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "மூடியத் தொறந்துபோட்டேன். நீ கூப்ட்டுட்ட," என்றார். மரம் விழுந்தபோதெல்லாம் வராத அழுகை அப்போதுதான் வந்தது அவருக்கு. நான் அவர் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டு, மேலே பார்த்து ஒன்றும் சொல்லத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்லக்கூட என்னிடம் தமிழ் மிச்சமில்லை.

இந்த முறை டப்பாவை அவர் கண் முன்னாலேயே எடுத்து அப்புறப்படுத்தினேன். மறுநாள் காலை காந்திபுரம் பஸ் பிடித்து ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று வழியெல்லாம் முனகினார். அவர் முனகியது எனக்குப் பாட்டுக் கேட்ட மாதிரி இருந்தது. மருத்துவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டுச் சீட்டு எழுதி, "மருந்த வேளை தவறாம எடுத்துக்கணும்" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தைக்கு முதல் அர்த்தமும் உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் போயிற்று. சபையில் சிலருக்கு அதில் வருத்தம்தான், இருக்கட்டும். இப்போது காலையில் முட்டி போட்டதும் "ஏனுங்க" என்றுதான் தொடங்குகிறேன். பயந்ததை, கோபப்பட்டதை, அவர் மாத்திரையைச் சாப்பிடாமல் ஒளித்துவைத்ததை, எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சொல்கிறேன். வெளியே புதிதாக வைத்த கன்றுகளுக்கு நடுவிலிருந்து "என்னம்மிணி?" என்று குரல் வரும். "உங்களையில்லீங்க" என்பேன். "அப்ப நாங் கேட்டதாச் சொல்லு" என்பார்.

சில நாள் அந்தக் குரல் வராது. காற்றில் கேட்காமல் போயிருக்கலாம், மருந்தின் அசதியில் கண்ணயர்ந்திருக்கலாம். ஜெபம் அப்படியே நின்றுவிடும். கண்ணைத் திறக்காமல் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, "ஏனுங்க" என்பேன். அந்த இரண்டாவது தடவை யாரைக் கூப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும்.