ஒரு பீஸில் மூன்று ஸ்டிக்கர்

கலைமகளுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. நாற்காலி போட்டுக் கொடுத்தும் நின்றுகொண்டேதான் தட்டுவாள். எதையும் அவசரமாகச் செய்துவிட்டு, அப்புறம் நாள் முழுக்க அதையே நினைத்துப் புழுங்குவாள். அப்படி ஒரு பிறவி.

செக்கிங் பெண்கள் பழுதான பீஸில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தையல் விட்டிருந்தால் சிவப்பு, எண்ணெய்க் கறைக்கு மஞ்சள், ஓட்டைக்கு நீலம். சாயங்காலம் எல்லாவற்றையும் உரித்து, டெய்லருக்கு ஒரு தாளாக ஒட்டிக் கொடுப்பார்கள். கலைமகள் போட்ட அட்டவணையில் நிறத்துக்கு ஒரு கட்டம். மூன்றையும் கூட்டி, அடியில் ‘பழுதான பீஸ்’ என்று போட்டுவிடுவாள். ஒன்றரை வருடமாக ஆபீஸில் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் வந்தால் போதும், நம் ஆட்களுக்கு அது வேதவாக்கு.

புதன்கிழமை சாம்பிளுக்கு நாற்பது பீஸ் தைத்தார்கள். அட்டவணை நாற்பத்தாறு பழுது என்றது.

“ஏனம்மா, தெச்சதே நாப்பது. மிச்சம் ஆறு எங்கிருந்து வந்துச்சு?” என்று மேனேஜர் வேல்குமார் சிரித்தார்.

கலைமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி உடைந்தால் ஒரே பீஸில் தையலும் விடும், ஓட்டையும் விழும், எண்ணெயும் படும். ஒன்றை மூன்றாக எண்ணியிருக்கிறாள்! உடனே ரங்காத்தாள் ஞாபகம் வந்தது. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் ரங்காத்தாளைப் போன மாதம் வேலையை விட்டு நிறுத்தியது இந்த அட்டவணையைப் பார்த்துத்தான். ஒரே நாளில் அறுபது பீஸைக் கெடுத்துவிட்டாளாம்.

அந்த நாளின் ரங்காத்தாள் தாளைத் தேடி எடுத்தாள். அறுபது ஸ்டிக்கரும் வரிசையாக இருந்தன. எது எதனோடு ஒரே பீஸில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. துணி கப்பல் ஏறிவிட்டது.

மதியச் சோற்றுக்குக்கூடப் போகவில்லை. அட்டவணையை அழித்துப் புதிதாகப் போட்டாள். ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு வரி. ஒரே பீஸில் மூன்று பழுது என்றால் அதே நம்பர் மூன்று வரியிலும் வரும். எத்தனை பீஸ் என்று தெரிய, எத்தனை நம்பர் என்று பார்த்தால் போதும். சாம்பிளை மறுபடி செக் பண்ண வைத்தாள். பழுதானவை பத்தொன்பதுதான்.

“ரங்காத்தாக்காவத் திருப்பிக் கூப்புடுங்க சார். எந் தப்புங்க” என்றாள். வேல்குமார் நாற்பத்தாறு என்ற தாளையும் பத்தொன்பது என்ற தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “செரி, வரச் சொல்லு” என்றார்.

அன்றே ரங்காத்தாள் வீட்டுக்கு ஸ்கூட்டியில் ஓடினாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த ரங்காத்தாள் திரும்பினாள்.

“வர்றேன், வராம எங்க போறது? ஆனா ஸ்டிக்கர எண்ணாத, பீஸ எண்ணுன்னு என்னய நிறுத்துன அன்னைக்கே உங்கிட்டத் தலபாடா அடிச்சுகிட்டனே, கண்ணு!”

சொன்னாள்தான். நின்று கேட்கத்தான் அன்றைக்குக் கலைமகளுக்கு நேரமில்லை.