செல்வமலர் அக்காவும் ஒழுங்கையும்

பிரெஞ்சு பேசும், பனி கொட்டும் நகரம் ஒன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் செல்வமலர் தன் வீட்டிலேயே கார்டெரி என்கிற காப்பகம் வைத்துக் குழந்தைகளைப் பார்க்கிறார். காலையில் அந்தக் குட்டிகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் பூங்காவுக்குப் போகிற அழகை நீங்கள் பார்க்கவேண்டும்! பழைய தையல் தொழிற்சாலையின் ஓரமாகச் சந்துபோலப் போகும் ஒழுங்கைதான் அவர்களின் வழி. அதை விட்டால் கார்கள் பறக்கும் பெருந்தெருதான்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் மாடிவீடுகள் கட்டத் திட்டம் வந்தது. வரைபடத்தில் ஒழுங்கையைக் காணவில்லை. திட்டத்தைப் பற்றி மக்களைக் கேட்க நகரசபை பொது விசாரணை வைத்தது. முதல் கூட்டத்தில் கேள்விகள் மட்டும். கருத்துச் சொல்ல இன்னொரு கூட்டம். கட்டட நிறுவனத்தோடு நேரே கதைக்கவும் முடியாது, விசாரணையை நடத்தும் ஆணையாளர்கள் வழியாகத்தான் கேட்கவேண்டும்.

இது ஒன்றும் தெரியாமல், சண்டை பிடிக்கவென்றே செல்வமலர் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டார். அவர் சொல்வதைப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்ல, மகனை அவரிடம் விடுகிற துஷாந்தினி கூடப் போனாள்.

முதலில் எழுந்த ஒருவர் "இது அநியாயம்" என்று தொடங்க, ஆணையாளர் மரியாதையாக நிறுத்தினார். இன்று கேள்வி மட்டும்.

"அக்கா, ஏசக்கூடாதாம். கேள்விதான் கேக்கலாமாம்."

"நான் எப்பயடி கேள்வி கேக்காமல் ஏசினனான்?"

உண்மைதானே! "கண் தெரியேல்லையோ", "இதென்ன சத்திரமோ" என்றுதானே எங்கள் வீடுகளில் ஏச்சே விழும்!

செல்வமலர் எழுந்தார். "ஒழுங்கையை மூடினால் என்ர பிள்ளையள் எதால போறது? பறந்தோ போறது? இந்தப் படத்தைக் கீறினவை ஒருநாளெண்டாலும் அதால நடந்து பாத்தவையோ?"

துஷாந்தினி 'பறந்தோ'வைக்கூட விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். மண்டபம் சிரித்தது. ஆணையாளர் நிறுத்தவில்லை, எல்லாம் கேள்விகளாயிற்றே! நிறுவனத்தின் பக்கம் திரும்பி, மடாமுக்குப் பதில் சொல்லச் சொன்னார்.

நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "நடந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் போவது எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பதில் அப்படியே பதிவானது. இரண்டாவது கூட்டத்தில் செல்வமலர் அதையே பிடித்துக்கொண்டார்.

"தெரியாதெண்டு சொன்னவை. இப்ப தெரியுந்தானே? பேந்து ஏன் மூடுவான்?"

"அக்கா, இண்டைக்குக் கருத்துச் சொல்லலாம்," என்று துஷாந்தினி கிசுகிசுத்தாள்.

"இதுதானடி என்ர கருத்து!"

ஆணையாளர்களால் பரிந்துரைக்க மட்டுமே முடியும், தீர்மானிப்பது நகரசபை. ஒழுங்கையை மூடாமல் விடவேண்டும் என்று அவர்களின் அறிக்கை வந்தது. நகரசபையும் ஏற்றுக்கொண்டது. புதிய வரைபடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடுக்கமாக ஒரு வழி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வமலர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி, இதில ஸ்னோவை ஆர் தள்ளுறது?"