மரகதம் அக்கா என்னைப் பார்க்கவில்லை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மரகதம் அக்காவின் மகள் போனில் கோல் எடுத்தாள். அம்மா விடியற்காலையில் போய்விட்டார் என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் "ஹலோ, ஹலோ" என்று பதறவில்லை, லைனை வெட்டவும் இல்லை. நான் வாய் திறக்கும்வரை பேசாமல் காத்திருந்தாள். அக்கா வளர்த்த பிள்ளையல்லவா என்று அந்த நேரத்திலும் நினைத்துக்கொண்டேன்.

கண்டியில் நாடகம் பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் இருபது வருடம் நின்றுகொண்டே வேலைசெய்து, மேடையிலும் பின்னர் திரையிலும் கொடிகட்டிப் பறந்த நடிகை அவர். நான் மாநகர சபையில் கிளாக்காக இருந்தவன். எங்கள் நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் கொப்பியோடு நின்று, மறந்துபோன வசனத்தை எடுத்துக்கொடுப்பது என் பொறுப்பு. நான் இல்லாவிட்டால் நாடகமே நடக்காது என்ற தலைக்கனமும் எனக்கு இருந்தது.

அதை இறக்கிவைத்தவர் அக்காதான். அவருடைய முதல் நாடகத்தில், வெளிநாடு போகிறேன் என்று சொல்லும் மகனுக்குத் தாய் பதில் சொல்ல வேண்டும். அக்கா சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். அசையவில்லை. கொஞ்சம் உரத்துக் கொடுத்தேன். முன்வரிசைக்குக் கேட்டுச் சிரிப்பு கிளம்பியது. அக்கா பாத்திரத்தை விட்டு இம்மியும் விலகாமல் என் பக்கம் திரும்பி, "பொறுங்க, பெத்தவ யோசிச்சுத்தானே பேசுவா" என்றார். அதுவும் நாடகத்தில் உள்ளது என்று நம்பி மண்டபமே கைதட்டியது.

நாடகம் முடிந்ததும் நல்ல திட்டு விழும் என்று ஒதுங்கி நின்றேன். அவரோ எனக்கு ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, நான் மறந்துட்டா ஒங்களப் பாப்பேன். பாக்காட்டி நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அது என் எடம்" என்றார். அன்றிலிருந்து அவர் பேசாமல் நிற்கும் இடங்களைக் கொப்பியில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். சின்ன மௌனத்துக்குச் சின்னக் கோடு, பெரியதற்குப் பெரிய கோடு. இதையெல்லாம் எங்கே படித்தார் என்று ஒருமுறை கேட்டேன். பிடித்த சேலையை விரித்துப் போட்டதும் பெண்கள் ஒரு கணம் பேச்சற்று நிற்பார்கள், அந்த முகங்களைப் பார்த்துத்தான் என்றார்.

திரை அவரை அத்தனை லேசில் உள்ளே விடவில்லை. சிங்களப் படங்களிலும் டெலிநாடகங்களிலும் தேநீர்த் தட்டு ஏந்திவரும் வேலைக்காரி வேடம்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. "இத்தனை தட்டு தூக்கியிருக்கேன், ஒருத்தராவது குடிச்சு முடிச்சதக் காட்டினாங்களா?" என்று சிரிப்பார். சிரித்தாலும் அவருக்கு வலித்தது, எனக்குத் தெரியும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு படத்தில் முக்கியமான வேடம் வந்தது. தோட்டத்து விதவை ஒருத்தி அரசாங்கக் கந்தோரில் பத்திரம் எடுக்கப் போகிறாள். அதிகாரி புருஷன் பெயரைக் கேட்கிறார். அவள் கொச்சைச் சிங்களத்தில் படபடவென்று ஒப்புவிக்க வேண்டும். படப்பிடிப்புக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அக்கா டைரக்டரிடம் இரண்டு விஷயம் சொன்னார். தான் நல்ல சிங்களத்தில்தான் பேசுவேன் என்றார். புருஷன் பெயரை வாயால் சொல்லியே பழகாத பெண் அதைப் படபடவென்று சொல்ல மாட்டாள் என்றார்.

அதில் பொய்யில்லை. அவரே தன் கணவரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாநகர சபைக்குப் படிவம் நிரப்ப வந்தால், கலியாணப் பத்திரத்தை நீட்டிப் பெயரின் மேல் விரலை வைப்பார்.

தோட்டத்துப் பெண் இப்படிச் சுத்தமாகச் சிங்களம் பேசினால் யார் நம்புவார்கள் என்று டைரக்டர் கேட்டார். "அப்படியென்றால் இவ்வளவு நேரம் உங்களோடு பேசிக்கொண்டிருப்பது யார்?" என்று அக்கா அதே சுத்தமான சிங்களத்தில் திருப்பிக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டைரக்டருக்கு முகம் சிவந்தது. ஒரே ஒரு தடவை உங்கள் விருப்பப்படி எடுக்கிறேன், சரிவராவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றார். அக்கா தலையாட்டினார். இந்த வேடம் போனால் மறுபடி தேநீர்த் தட்டுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கமரா ஓடியது. அதிகாரியாக நடித்தவர் பெயரைக் கேட்டார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முந்தானையைப் பிடித்தார், விட்டார். யாரோ பெருமூச்சு விட்டார்கள். நிறுத்தச் சொல்ல டைரக்டரின் கை எழும்பியது. நான் அக்காவின் கண்களைப் பார்த்தேன். அவை என் பக்கம் வரவே இல்லை. என்ன தைரியத்தில் செய்தேனோ, டைரக்டரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, "பொறுங்கள், அவர் மறக்கவில்லை" என்று சிங்களத்தில் கிசுகிசுத்தேன்.

அப்போதுதான் அக்கா அந்தப் பெயரைச் சொன்னார். "கருப்பையா." அவ்வளவுதான். சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னவராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

படம் கண்டிக்கு வந்தபோது தியேட்டரில் பாதிக்கு மேல் சிங்களச் சனம். எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த இடத்தில் ஒரு இருமல் கேட்கவில்லை. பெயர் விழுந்ததும் எழுந்த கைதட்டலில் அடுத்த காட்சியின் வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. என் அக்கா ஜெயித்துவிட்டார் என்று நான் வெட்கமில்லாமல் அழுதேன். அதன் பிறகு அவரிடம் யாரும் தட்டை நீட்டவில்லை. அவருக்காகவே வேடங்களை எழுதினார்கள். அந்த டைரக்டரும் எழுதினார், மூன்று படங்கள்.

அந்தச் சிவப்புக் கோட்டுக் கொப்பிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. வசனம் எவரிடமும் கிடைக்கும். அக்காவின் மௌனங்கள் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன.

அக்காவின் குண்டசாலை வீட்டில் பிரேதப் பெட்டியை எடுப்பதற்கு முன் என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் இருந்தது, சொல்ல மனம் வரவில்லை. எங்கள் குழுவின் செயலாளர் நான் தடுமாறுகிறேன் என்று எண்ணி, பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்க ஒரு வரியை எடுத்துக்கொடுத்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரத்துக் கொடுத்தார். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்காவின் மகள் நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தாள்.

"பொறுங்க அங்கிள். மாமா மறக்கல."