குழந்தைச் சட்டையில் ஒரு முடி

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். ஒருநாள் பேக்கிங்குக்குப் போன குழந்தைச் சட்டையில் நீள முடி ஒட்டியிருக்கிறதென்று பெட்டி திரும்பி வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செக்கிங்குக்குப் புதிதாக வந்திருந்த செல்விமேல் பாய்ந்தேன்.

"தலையைக் கட்டத் தெரியாதா கண்ணு? நாளைக்கு வேலைக்கு வராதே!"

அவள் அந்த முடியை வெள்ளைத் துணியில் நீட்டி வைத்தாள். பாதி மருதாணிச் சிவப்பு. அங்கே மருதாணி வைப்பவள் நான் ஒருத்திதான். சீப்பில் வரும் கொத்தை யாருக்கும் காட்டாமல் குப்பையில் போட்டு வந்தவளும் நான்தான்.

"யக்கா, ஒங்க மேசையடியில தெனமும் முடி கெடக்கு. எங்கக்காவுக்கும் இப்படித்தான் கொட்டுச்சு. தைராய்டுன்னாங்க. என்னைய அப்புறம் வெரட்டுங்க, மொதல்ல ரத்தத்தச் சோதிங்க."

சோதித்தேன், தைராய்டேதான். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், முன்நெற்றியில் முடி முளைக்கிறது. எல்லார் முன்னாலும் திட்டியதால், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது முடி விழாமலிருக்க எல்லாரும் தொப்பி போடுகிறோம்; தினமும் முதலில் மாட்டுவதும் நான்தான். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள் செல்வி.