வடக்குக் கோட்டில் ஒரு குரல்

ஜனவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு மெல்பர்ன் புறநகரான ட்ருகனினாவிலிருந்து கிளம்பினோம். கார் ஓட்டியவர் பாலா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், என் பள்ளித் தோழி வசந்தியின் கணவர். முன்சீட்டில் வசந்தி. பின்சீட்டில், திருச்சியிலிருந்து ஊர் பார்க்க வந்த நான். என் பக்கத்தில், தோளுயர டென்னிஸ் பையைக் குழந்தையைப் போல அணைத்தபடி ஹன்னா.

ஹன்னா ஜெர்மன்காரி. சிறிய போட்டிகளுக்கு வரும் ஆட்டக்காரர்களை ஹோட்டலில் போடக் கட்டுப்படியாகாது என்று உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வைப்பது இங்கே வழக்கம். வசந்தி வீட்டு மாடி அறைக்கு அப்படி வந்தவள்தான். வந்த வாரமே மெல்பர்னில் முதல் சுற்றில் தோற்றாள். அடுத்த போட்டி சிட்னியில். வருஷம் தவறாமல் சிட்னிக்குப் பக்கத்து ஹெலன்ஸ்பர்க் பெருமாளைப் பார்க்கப் போகும் பாலா அண்ணன், "எங்களோட வாங்கோ" என்று அவளையும் ஏற்றிக்கொண்டார்.

சிட்னி எண்ணூற்றெண்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் ஒரே நெடுஞ்சாலை. மனிதரைப் பார்ப்பதுதான் அரிது. காட்டுத் தீயில் கருகிய மரங்கள் வரிசையாக நின்றன. கிளையில் ஒன்றுமில்லை, அடிமரத்தில் மட்டும் பச்சை முடி முளைத்தாற்போல் தளிர். சாலையோரத்தில் அடிபட்ட கங்காருக்கள். முதலில் எண்ணினேன், பிறகு ஜன்னல் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு.

ஆல்பரி என்ற ஊரைத் தாண்டியதும் ஹன்னா ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகக் கேட்டாள். வழி சொல்லிக்கொண்டு வந்த கார்க் குரலை நிறுத்த முடியுமா என்று. "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் செல்லுங்கள்" என்கிற, முகமில்லாத அந்தப் பெண்ணை. பாலா அண்ணன் உடனே அணைத்தார். காருக்குள் டயர் சத்தம் மட்டும் மிஞ்சியது. யாராவது பேசினால் தேவலை என்றிருந்த எனக்கு, அவளுடைய டென்னிஸ் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. கேட்டேன்.

பத்தொன்பது வயதில் இவள்தான் அடுத்த சாம்பியன் என்று அவள் நாட்டுப் பத்திரிகைகள் எழுதினவாம். பிறகு தோளில் ஓர் அறுவை சிகிச்சை, இன்னொன்று. பெரிய மைதானங்களிலிருந்து சின்ன மைதானங்களுக்கு, அங்கிருந்து யாருக்கும் பெயர் தெரியாத ஊர்களுக்கு. இப்போது முப்பத்துமூன்று. சிட்னியோடு சரி, இனி மட்டையைத் தொடப் போவதில்லை. இதையெல்லாம் அடுத்தவர் கதையைப் போலச் சொன்னாள். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் மாறியது.

அவளுடைய அம்மா ரெனாட்டே, கோட்டு நடுவர். மைதானத்தின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் குனிந்து நின்று, பந்து வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்துவது அவர் வேலை. சொந்த மகள் ஆடும் ஆட்டத்தில் நடுவராக நிற்கக் கூடாது என்பது விதி. ரெனாட்டே அதற்கு மேலும் ஒரு படி போனார். மகள் ஆடினால் பார்வையாளராகக்கூட வரமாட்டார். நடுவர் ஒருத்தி கைதட்டுவதை நாலு பேர் பார்த்தால் நாளைக்கு அவள் தீர்ப்பை யார் நம்புவார்கள் என்பது அவர் கட்சி. ஹன்னாவின் மொத்த ஆட்டவாழ்க்கையில் ஓர் ஆட்டத்தைக்கூட அம்மா நேரில் பார்த்ததில்லை. பிறகு நடுவர்களின் இடத்துக்கு இயந்திரம் வந்தது. கேமராக்கள் பந்தைப் பார்க்கும். வெளியே விழுந்தால் ஒலிபெருக்கி "அவுட்" என்னும். உள்ளே விழுந்தால் ஒன்றும் பேசாது. அந்தக் கூச்சலை அனுபவமுள்ள நடுவர்களைக் கத்தச் சொல்லித்தான் பதிவு செய்தார்களாம். அவர்களில் ரெனாட்டேயும் ஒருவர். போன வருஷம் இறந்துபோனார்.

சிட்னியில் பிரதான மைதானத்தில் மட்டும் அந்த இயந்திரம் உண்டு. வடக்குப் பக்கத்துக் கோட்டுக்கு அம்மாவின் குரல் என்று ஹன்னா விசாரித்து வைத்திருந்தாள். எதிராளி உள்ளூர்ப் பெண் என்பதால் ஆட்டமும் அங்கேதான்.

"விதி உயிரோடிருப்பவர்களுக்குத்தான். நாளைக்கு அம்மா என் ஆட்டத்துக்கு வருகிறாள்" என்றாள் ஹன்னா.

அம்மாவின் குரலை ஒருமுறை தன் ஆட்டத்தில் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் மருத்துவர் வேண்டாம் என்ற தோளைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொன்னேன். அது ஓடவேயில்லை என்றாள் வசந்தி.

வழியில் கோல்பர்னில் இரவு தங்கினோம். அறைக்கு நூற்று நாற்பது டாலர், காலை டோஸ்ட் உட்பட.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஹெலன்ஸ்பர்க். காட்டுக்கு நடுவே சட்டென்று வெள்ளைக் கோபுரம். சுற்றிலும் பறவைகள் கீச்சிடுவதில்லை, மனிதர்களைப் போலச் சிரிக்கின்றன. ஹன்னா சன்னதி வாசற்படியை மிதிக்காமல் தாண்டியதைப் பார்த்து வசந்திக்கு ஒரே பூரிப்பு. டென்னிஸ்காரர்கள் தரையில் எந்தக் கோட்டையும் மிதிக்க மாட்டார்களாம், மிதித்தால் தோல்வி என்று பயம். அதை வசந்தியிடம் சொல்லி அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அர்ச்சனைத் தட்டோடு அர்ச்சகர் வந்து பெயரும் நட்சத்திரமும் கேட்டார். வசந்தி ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, ஹன்னா தயங்காமல், "ரெனாட்டே" என்றாள்.

வசந்தி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "செத்துப்போனவங்க பேருல அர்ச்சனை பண்ணக் கூடாதுடி. உயிரோட இருக்கறவங்களுக்குத்தானே நட்சத்திரம் கேப்பாங்க. இவ கிட்ட எப்படிச் சொல்றது?"

நான்தான் சொன்னேன். ஹன்னா கோபப்படவில்லை. "சாயங்காலம் பேசப்போகிறவளை இறந்தவள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பும் முகம். அர்ச்சகர் என்ன புரிந்துகொண்டாரோ, சாமி பேருக்கே பண்ணிவிடலாம் என்று மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். வசந்தி மட்டும் கற்பூரம் அணையும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், நடுவில் அணைந்துவிடப் போகிறதே என்று.

மதியம் ஒரு மணிக்கு மைதானம். சிட்னியின் மேற்குப் புறநகர். நாற்பது டிகிரி வெயில். ஆட்டம் மூன்றுக்குத்தான் என்பதால் பிரதான மைதானத்தில் ஈ காக்கை இல்லை. நாங்கள் படியேறி உட்கார்ந்த நேரம் பார்த்து இயந்திரத்தைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பந்து இல்லை, ஆட்டக்காரர் இல்லை. கிழக்குக் கோட்டில் ஓர் ஆண்குரல் "அவுட்" என்றது. தெற்கில் வேறொருவர். கொஞ்சம் இடைவெளி. பிறகு வடக்குக் கோட்டிலிருந்து, கொஞ்சம் கரகரத்த, கண்டிப்பான பெண்குரல். அந்த ஒற்றைச் சொல்லின் கடைசி எழுத்தைக்கூட விழுங்காமல் முழுசாகச் சொன்னது. வெறும் தரை. அதில் வெள்ளைக் கோடு. குரல் மறுபடியும் வந்தது. நான் வசந்தியின் கையைப் பற்றியிருந்ததை அவள் விரல் வலிக்கிறது என்று சொன்ன பிறகே உணர்ந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. ஹன்னா தெற்கு முனையில் நின்று வடக்கு நோக்கி ஆடினாள். முதல் சில நிமிடங்கள் ஒழுங்காகவே போயிற்று. பிறகு அவள் அடித்த பந்து ஒன்று வடக்குக் கோட்டைத் தாண்டி விழுந்தது.

"அவுட்!"

ஹன்னா நின்றாள். தலை லேசாகச் சாய்ந்தது, அடுத்த அறையிலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல. அதற்குப் பிறகு அவளுடைய பந்துகள் நீளத் தொடங்கின. ஒரு சாண், ஒரு முழம். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல், ஒவ்வொரு தடவையும் அந்தத் தலைசாய்ப்பு. முனை மாறி வடக்கே வந்தால் ஆட்டம் திருந்தும். தெற்கே போனால் மறுபடியும் பந்து வெளியே. உள்ளூர்க் கூட்டம் கைதட்டியது.

"இவ வேணுமெண்டே அடிக்கிறா. கேக்கிறதுக்காக அடிக்கிறா" என்றார் பாலா அண்ணன்.

முதல் செட் போயிற்று. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. செத்தவள் மேல் கோபப்படுவது நியாயமா என்று தெரியவில்லை, ஆனாலும் வந்தது. கடைசி ஆட்டத்தை மகள் உருப்படியாக ஆட விடக்கூடாதா இந்த அம்மா?

இடைவேளையில் ஹன்னா தலையில் துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தவள் வேறு ஆள். பத்தொன்பது வயதில் அவளைப் பற்றி எழுதியவர்கள் பொய் எழுதவில்லை என்று அப்போது புரிந்தது. அடித்ததெல்லாம் உள்ளே. வடக்குக் கோடு வாயே திறக்கவில்லை. இரண்டாவது செட் அவளுக்கு. மூன்றாவது செட்டும் சமமாகவே போய், கடைசியில் வலது தோளை அவள் பிடித்துக்கொள்ளத் தொடங்கினாள். எதிராளி ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு புள்ளி பாக்கி.

ஹன்னா தெற்கு முனையில். நீண்ட பந்துப் போர். திடீரென்று இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓர் அடி அடித்தாள். பந்து உயர்ந்து, நீண்டு, வடக்குக் கோட்டருகே இறங்கியது. வெளியே என்றுதான் எனக்குப் பட்டது. அவளுக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். மட்டையைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, குரலுக்காகக் காத்து நின்றாள்.

குரல் வரவில்லை.

எதிராளிப் பெண் எட்டிப் பாய்ந்து எப்படியோ பந்தைத் திருப்பிவிட்டாள். மெதுவான, தள்ளாடும் பந்து. இரண்டு எட்டு வைத்திருந்தால் தொட்டிருக்கலாம். ஹன்னா அசையவில்லை. பந்து அவளைத் தாண்டிப்போய் ஒருமுறை குதித்து, மறுமுறை குதித்து, சுவரோரம் நின்றது. ஆட்டம் முடிந்தது. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அவள் மட்டும் வடக்குக் கோட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

"லைன்லதான் பட்டது, அதுதான் சத்தம் வரேல்ல" என்று பாலா அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன, முகம் தெளிந்திருந்தது. நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பந்து வெளியே என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, உள்ளே என்றுவிட்டாள் அம்மா. எனக்காக அவள் ஒருநாளும் கைதட்டியதில்லை. இன்றைக்கு என் பந்தைப் பார்த்தும் சும்மா இருந்தாள், அது போதும்."

மறுநாள் அவளிடம் விடைபெறப் போனோம். இருபத்தைந்து டாலர் டிக்கெட் வாங்கிக்கொண்டு, அதே மைதானத்தில் வடக்குப் பக்கத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரோ இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வசந்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கையை மட்டும் அசைத்தாள், திரும்பவில்லை. அந்த நேரத்தில் கோடு பேசியது. நாங்கள் சத்தமில்லாமல் படியிறங்கினோம்.

அடுத்த வாரம் ஊர் திரும்பினேன். ஒருநாள் திருச்சி ஜங்ஷனில் தஞ்சாவூர் வண்டிக்குக் காத்திருந்தேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கியது, பல வருஷமாகக் காதில் விழுந்தும் கேட்காமலே விட்ட அந்தப் பெண்குரல். இந்தம்மா இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா, வீட்டில் யாராவது ஸ்டேஷனுக்கு வந்து இதைக் கேட்டுவிட்டுப் போகிறார்களா? தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றேன். குரல் ஓய்ந்தபோது, என் வண்டி கிளம்பி நடைமேடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.