கல்லில்லாமல் குனிந்தவன்

குரங்குகளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அடிதடியில் வந்தது. கொஞ்சம் அவை அடித்து வந்தது, கொஞ்சம் நான் அடித்து வந்தது.

அறிவு அனுபவத்தில் பிறக்கிறதா, சிந்தனையில் பிறக்கிறதா என்று தடித்த புத்தகங்களில் சில நூற்றாண்டுகளாகச் சண்டை நடக்கிறது. சாய்வுக் கதிரையில் கிடந்து அந்தச் சண்டையை வாசிப்பதில் எனக்கு விருப்பம் அதிகம். அதில் யாரும் கடிப்பதில்லை.

கண்டியில் காட்டோரச் சரிவொன்றில் எங்கள் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவன் இங்கேயே நரைத்துவிட்டேன். காட்டுக் குரங்குகள் காலை எட்டு மணிக்கு எங்கள் தண்ணீர்த் தொட்டிமேல் ஆஜராகும். நான் வேலை பார்க்கும் திணைக்களத்தில் அந்த ஒழுங்கை நான் கண்டதில்லை. தலைவன் உதடு கிழிந்த ஒரு கடுவன் குரங்கு. ஒருநாள் இளங்குரங்கொன்று அதற்கு முன்னால் கொய்யாவில் கை வைத்தது. கடுவன் அதன் காதைக் கடித்துப் பிய்த்து, மென்று பார்த்துவிட்டுத் துப்பியது. காதுத் துண்டு துணிக்கொடிக்குக் கீழே, என் உள்பனியனுக்கு நேரே வந்து விழுந்தது.

அந்த வாரந்தான் மகள் கர்ப்பமென்று, அவள் வாழ்க்கைப்பட்ட குண்டசாலையிலிருந்து செய்தி வந்தது. பிள்ளைப்பேற்றுக்கு அவள் எங்களிடம் வருவாள் என்பதும் முடிவாயிற்று. மனைவி காதுத் துண்டைத் தும்புத்தடியால் கூட்டி ஒதுக்கியபடி சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அவள் இஞ்ச வர முதல் இந்தச் சனியனுகளுக்கு ஒரு வழி பண்ணுங்கோ. இல்லாட்டி நான் அவளோட குண்டசாலைக்குப் போயிடுவன்."

நான் குறிப்பெழுத ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.

முதலில் கல்லெறிந்தேன். எறிந்த போதெல்லாம் ஓடின. ஒரு கல் பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைத்தது, அதையும் குறித்துக்கொண்டேன். பிறகுதான் நுட்பமானதொன்றைக் கவனித்தேன். கல் என் கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, நான் குனிந்ததுமே அவை ஓடின. ஆகவே ஓட்டத்துக்குக் காரணம் கல் அல்ல, குனிதல். இந்த முடிவைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டேன். கல் எடுப்பதுபோல் குனிந்து நாயை விரட்டாதவர் இந்த ஊரில் யார்? ஆனால் மற்றவர்கள் இடைக்கிடை உண்மையாகவே ஒரு கல்லை எறிந்து வைப்பார்கள். நான் அரச ஊழியன். வீண்செலவென்று கல்லை முற்றாக நீக்கிவிட்டேன். ஐந்து மாதம் வெறுமனே குனிந்தேன்.

எங்கள் வீட்டில் துணி தோய்க்க வரும் பெண் தேயிலைத் தோட்டப் பக்கத்தவர். மனதில் பட்டதைச் சொல்லாமல் விடமாட்டார். தோய்கல்லில் என் காற்சட்டையை அறைந்தபடியே ஒருநாள் சொன்னார்:

"சார் குனியிறதப் பாத்தா அதுக்குக் கும்புடு போடுற மாதிரி இருக்கு."

"ஓடுதுதானே?"

"மொத மொத மர உச்சிக்கு ஓடிச்சு. இப்ப மதிலு வரைக்குந்தான் போகுது. ஒங்க கையப் பாத்துட்டு, சும்மா மரியாதைக்குப் போகுது சார்."

இதைத் "தனிப்பட்ட அபிப்பிராயம்" என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரரிடம் வேட்டைத் துப்பாக்கி இருந்தது. ஒரு காலை அவர் சுட்டதில் தாய்க்குரங்கொன்று எங்கள் வளவுக்குள் விழுந்தது. வயிற்றில் ஓட்டை, குட்டி இன்னும் முலையை விடவில்லை. தாய் தன் குடலைத் தானே உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்து அரை மணி நேரத்தில் செத்தது. அதன்பிறகு அவர் குடையோடு கதவைத் திறந்தாலே கூட்டம் முழுவதும் காட்டுக்குள் மறைந்துவிடும். அதற்கு நான் எழுதி வைத்த விளக்கம்: "அவருடைய செருப்புச் சத்தம் காரணமாகலாம்." கண்ணால் காண்பதற்குக் கண் மட்டும் போதாது என்பதற்கு அந்தப் பக்கத்தைவிட நல்ல சாட்சி என்னிடமில்லை.

பேத்தி பிறந்து இருபத்திரண்டாம் நாள். பின்பக்கச் சீமெந்துத் தரையில் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசி, இளவெயில் காட்டினாள். பிறகு பாயில் துவாய்த் துண்டை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். மகள் உள்ளே, பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். துணி தோய்க்கும் பெண் வளவின் மறு மூலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"சுடுதண்ணி எடுத்துக்கொண்டு வாறன். பிள்ளையிலயிருந்து கண்ணை எடுக்காதேங்கோ," என்றாள் மனைவி.

"ஓம், ஓம்."

கடுவன் தொட்டியிலிருந்து இறங்கியது. நான் குனிந்தேன். அது மதிலுக்குக்கூடப் போகவில்லை. இருந்த இடத்தில் குந்தி என் வலக்கையைப் பார்த்தது. பிறகு இடக்கையைப் பார்த்தது. நான் இன்னும் ஆழமாகக் குனிந்தேன். ஐந்து மாதமாக நான் அதை ஆராய்ந்த அதே நேரத்தில் அதுவும் என்னை ஆராய்ந்திருக்கிறது, என்னைவிடத் திருத்தமாக, என்று அப்போதுதான் புரிந்தது. அது நிதானமாக நடந்து வந்து துவாயின் மூலையைப் பிடித்து இழுத்தது. பிள்ளை துவாயோடு பாயைவிட்டு நழுவிச் சீமெந்தில் இழுபட்டது.

நான் பாய்ந்து அதன் வாலைப் பிடித்தேன். அது திரும்பி என் முன்கையில் பல்லைப் பதித்தது. பல் எலும்பில் உரசும் சத்தத்தை நான் காதால் அல்ல, தாடையால் கேட்டேன். மறு கையால் கழுத்து மயிரைப் பிடித்துத் தூக்கித் தோய்கல்லில் அடித்தேன். கடி விடவில்லை. மறுபடி அடித்தேன். விட்டது. விட்ட பிறகும் அடித்தேன். ஈரத் துணியை அடிப்பது போன்ற சத்தம் வந்தது, பிறகு அந்தச் சத்தமும் மாறிற்று. என் கண்ணாடியில் இரத்தம் தெறித்திருந்தது. எங்கோ பின்னால் பிள்ளை வீரிட்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று விளங்கியும் என் கை நிற்கவில்லை. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மிச்சம் எழுதியதெல்லாம் பொய்.

"செத்துப் போச்சப்பா," என்றாள் மனைவி. "எப்பவோ செத்துப் போச்சு. விடுங்கோ."

நிமிர்ந்தேன். துணி தோய்க்கும் பெண்ணின் கையில் பிள்ளை. வாசலில் மகள், விரலெல்லாம் கறியோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியாஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் போனோம். பிள்ளையின் குதிக்காலில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. டொக்டர் பெண்ணுக்கு மகளின் வயதுதான் இருக்கும்.

"இது குரங்கின் பல்லா, நகமா? பக்கத்தில் நின்றது யார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடுவனின் கோரைப்பல் எவ்வளவு நீளம், எந்தக் கையால் துவாயைப் பிடித்தது, இமைத்ததா இல்லையா, எல்லாம் என்னால் சொல்ல முடியும். பிள்ளையை நான் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி விட்டுப்போனது அதை மட்டுந்தான்.

"தெரியாது," என்றேன்.

"நான் வெடுக்குனு தூக்குறப்ப என் வளையல் கீறிருக்கும்னு நெனைக்கிறேன் டொக்டர்," என்றார் துணி தோய்க்கும் பெண். "ஆனா புள்ள விசயம். சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் பண்ண ஏலாது என்றால் விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசி போடத்தான் வேணும். காயத்தைச் சுற்றியும் போட வேணும்."

என் கைக்குத் தையல் போட்டுக் கட்டி வெளியே விட்டார்கள். மூடிய கதவுக்கு அப்பால், மகளின் மடியில், பிள்ளை கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது. உள்ளங்கை அகலக் காலில் எந்த இடத்தில் குத்துகிறார்களென்று, கட்டாத கையை விரித்து அளந்து பார்த்தேன். மனைவி கதவைத் திறந்து வெளியே வந்து, என்னைக் கண்டதும் பின்னால் சாத்திக்கொண்டாள்.

"ஊசி போட்டாச்சு. மிச்ச ஊசிகளையும் தவறாமப் போட்டா ஒண்டும் வராதாம்."

"ஒருக்காப் பாக்கலாமோ?"

"இப்ப உள்ளுக்கு வராதேங்கோ. பயப்பிடுறாள்."

"ஊசி போட்டால் பிள்ளை பயப்பிடுந்தானே. நான் தூக்கினால் அடங்கிடும்."

மனைவி இரத்தம் காய்ந்திருந்த என் சேர்ட்டின் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"நான் பிள்ளையைச் சொல்லேல்லை," என்றாள்.